சுவரில் ஒட்டிய பற்றாக்குறை

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணால் பார்க்க வேண்டிய விஷயத்தைக் காதால் கேட்கும் இடத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பரவாயில்லை. நான் சொல்லப்போகிற சுவரொட்டிகளில் ஒன்றிரண்டை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். மற்றதை வாயாலேயே வரைந்து காட்டப் பார்க்கிறேன்.

போர்க்காலச் சுவரொட்டி என்றதும் வீரம், நாட்டுப்பற்று என்று ஒரு பக்கம் பேசுவார்கள். எல்லாம் பொய்ப் பிரசாரம் என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. எனக்கு மட்டும் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் வேறொரு கேள்விதான் வரும். இதை ஒட்டிய அரசாங்கத்திடம் அன்றைக்கு எது குறைவாக இருந்தது? ஆளா, பணமா, ரப்பரா, இல்லை மக்கள் மேல் நம்பிக்கையா? கையில் தாராளமாக இருக்கிற பொருளைக் கேட்டு யாரும் போஸ்டர் அடிப்பதில்லை.

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டனிடம் உலகத்திலேயே பெரிய கடற்படை இருந்தது. தரைப்படை சின்னது. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் வயது வந்த ஆண்களைச் சட்டம் போட்டே படைக்கு அழைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் அப்படிச் சட்டம் கிடையாது. ஆகவே ஆட்களைக் கெஞ்சியோ மிரட்டியோ வெட்கப்படுத்தியோதான் வரவழைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஆல்ஃபிரட் லீட் என்ற ஓவியர், 'லண்டன் ஒப்பீனியன்' பத்திரிகையின் செப்டம்பர் 5 இதழுக்கு ஓர் அட்டைப்படம் வரைந்தார். ராணுவத் தொப்பி, பெரிய மீசை, நம் முகத்துக்கு நேரே நீண்ட ஒரு விரல். கீழே, 'உன் நாட்டுக்கு நீ தேவை' என்று வாசகம். படத்தில் இருப்பவர் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு. நம்மவர்களுக்கும் பழக்கமான ஆள்தான். இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்தபோது வைஸ்ராய் கர்சனோடு மோதி, 1905இல் அவரை ராஜினாமா செய்ய வைத்தவர். விரலை நீட்டிப் பழகிய மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் கிச்சனர் படத்தைவிட அடுத்த வருடம் வந்த இன்னொன்றுதான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது. சேவில் லம்லி வரைந்தது. அதில் துப்பாக்கியே இல்லை. ஒரு வீட்டின் வரவேற்பறை. சாய்வு நாற்காலியில் அப்பா. மடியில் சின்னப் பெண், கையில் விரித்த புத்தகம். தரையில் பையன் பொம்மைச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி விளையாடுகிறான். பெண் கேட்கிறாள்: 'அப்பா, அந்தப் பெரிய போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' அப்பா அவளைப் பார்க்கவில்லை, பையனைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, நம்மைப் பார்க்கிறார்.

1915இல் போர் யாருக்குச் சாதகமாகப் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தப் படத்திலோ போர் முடிந்தே போய்விட்டது. வீடு அப்படியே இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, பிள்ளைகள் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். பிரிட்டன் ஜெயித்துவிட்டது என்பதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மனதில் ஏற்றிவிட்டு, உன் பெண்ணுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று மட்டும் கேட்கிறார்கள். சண்டைக்குப் போகிறவன் திரும்பி வராமலும் போகலாமே, அப்போது அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? அந்தக் கேள்வி அந்த அறைக்குள் நுழைவதேயில்லை. சுரங்கத் தொழிலாளர் தலைவர் ராபர்ட் ஸ்மைலி, 'இந்தப் போரை நிறுத்தப் பார்த்தேன் மகளே என்று நான் பதில் சொல்வேன்' என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

அதே போருக்கு இந்தியாவிலும் ஆள் எடுத்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். இங்கே ஒட்டிய ஓர் உருதுச் சுவரொட்டியின் வாசகம் இது: 'இந்தச் சீருடையையும் பணத்தையும் துப்பாக்கியையும் யார் எடுத்துக்கொள்வார்கள்? படையில் சேருகிறவன்தான்.' லண்டன்காரனிடம் மானத்தைப் பற்றிப் பேசியவர்கள் இங்கே சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். யாரிடம் எதைச் சொன்னால் எடுபடும் என்று நன்றாகவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

சரி, பிரிட்டனில் இந்தக் கெஞ்சல் எத்தனை நாள் நடந்தது? சுமார் 25 லட்சம் பேர் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். அதுவும் போதவில்லை. 1916 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் விரலை நீட்டும் சுவரொட்டிக்கு வேலை இல்லை. சுவர்கள் சேமிப்புப் பத்திரங்களுக்குப் போய்விட்டன. என் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கா 1917 மே மாதத்திலேயே கட்டாயச் சேர்ப்பைக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் சுவரொட்டியில் அமெரிக்க அரசின் உருவகமான அங்கிள் சாம் விரலை மடக்கவேயில்லை. ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் தன் முகத்தையே மாதிரியாக வைத்து வரைந்த அந்தப் படம் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது.

ஜெர்மனிக்கு வருவோம். அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, சட்டமே கொண்டுவந்து நிறுத்தியது. பஞ்சம் பணத்துக்கு. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று மொத்தம் ஒன்பது தடவை போர்க்கடன் திரட்டினார்கள். 1917இல் ஆறாவது கடனுக்கு ஃபிரிட்ஸ் எர்லர் வரைந்த சுவரொட்டியில் ஒரு சிப்பாய் நிற்கிறான். தலையில் புது எஃகுத் தொப்பி, பின்னால் முள்கம்பி. முகம் அழுக்காக, களைத்துப்போய் இருக்கிறது. கண்கள் மட்டும் பளபளவென்று மின்னுகின்றன. 'நாங்கள் வெல்ல உதவுங்கள்' என்று கேட்கிறான். அந்த ஒரு கடனில் மட்டும் சுமார் 1,300 கோடி மார்க் சேர்ந்தது. அந்தக் கண்களை நம்பிச் சேமிப்பைக் கொடுத்த குடும்பங்களின் பத்திரங்கள் 1923 பணவீக்கத்தில் வெறும் காகிதமாகிப் போயின.

அடுத்தது இரண்டாம் உலகப் போர். 1941இல் ஜெர்மனி படையெடுத்ததும் சோவியத் நாட்டில் இராக்ளி தோய்ட்ஸே வரைந்த 'தாய்நாடு அழைக்கிறது' படத்தைப் பாருங்கள். சிவப்பு உடை உடுத்திய நடுவயதுப் பெண், ஒரு கையில் ராணுவ உறுதிமொழித் தாள், முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிக் கத்திகளின் வரிசை. செய்தியைக் கேட்டுப் பதறி ஓடிவந்த தன் மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் வரைந்தாராம். படத்தில் லெனின் இல்லை, ஸ்டாலினும் இல்லை. உயிரைக் கொடு என்று கேட்க வேண்டிய நேரத்தில் தலைவர்களின் முகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இனி 1943, அமெரிக்கா. வைமர் பர்செல் வரைந்தது. கோட்டும் தொப்பியும் போட்ட ஓர் ஆள் ஜாலியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறார். பக்கத்து இருக்கையில் வெள்ளைக் கோடுகளால் மட்டும் வரைந்த ஓர் ஆவி, ஹிட்லர். 'தனியாகக் கார் ஓட்டினால் ஹிட்லரோடு போகிறாய்' என்கிறது வாசகம். காரைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். பெட்ரோல் தட்டுப்பாடு என்று நினைப்போம். பெட்ரோலுக்கு ரேஷன் போட்டதே பெரும்பாலும் டயர் தேய்மானத்தைக் குறைக்கத்தான். அமெரிக்காவுக்கு ரப்பர் வந்துகொண்டிருந்தது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அதற்குள் மலாயாவும் போய்விட்டிருந்தது.

அந்த மலாயாத் தோட்டங்களில் விடிவதற்கு முன் எழுந்து பால்வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ஏற்றுமதி நின்றதும் தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. அங்கிருந்து பல்லாயிரம் பேரை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. அமெரிக்கச் சுவரொட்டி தன் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி ஹிட்லரைக் காட்டியது. ரப்பர் எங்கிருந்து வந்தது, வெட்டியது யார் கை என்பதற்கு அதில் இடம் இல்லை.

இப்போது காபிக் கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் பார்க்கிறோமே, மேலே ஒரு கிரீடம், கீழே 'அமைதியாக இரு, வேலையைப் பார்' என்று? அது 1939இல் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகம் அச்சிட்டது, சுமார் 24.5 லட்சம் பிரதிகள். குண்டுமழை பொழிந்து ஜனங்கள் நடுங்கும்போது ஒட்டலாம் என்று எடுத்து வைத்தார்கள். ஆனால் பெரிய அளவில் ஒட்டவே இல்லை. அதற்கு முன் ஒட்டிய சுவரொட்டிகளே மேலிருந்து உபதேசம் செய்வதாக மக்களுக்கு எரிச்சல் மூட்டியிருந்தன. பெரும்பாலானவை 1940இல் காகிதக் கூழாகப் போயின. 2000இல் அல்னிக் என்ற ஊரில், பழைய ரயில் நிலையத்தில் நடக்கும் பழைய புத்தகக் கடை ஒன்றில், ஏலத்தில் எடுத்த பெட்டியின் அடியில் ஒன்று கிடைத்தது. போர்க்கால பிரிட்டனின் மனவுறுதிக்கு அடையாளம் என்று இன்று விற்கப்படுவது, போர்க்காலத்தில் ஏறக்குறைய யாருமே பார்க்காத தாள்.

கடைசியாக ஏப்ரம் கேம்ஸ். சாதாரணச் சிப்பாயாகப் படையில் இருந்தவரைப் போர் அலுவலகம் சுவரொட்டி வரைய எடுத்துக்கொண்டது. 1942இல் 'இது உங்கள் பிரிட்டன், இதற்காக இப்போது போராடுங்கள்' என்ற வரிசையில் ஒன்று வரைந்தார். நடுவில் வெள்ளை வெளேரென்று ஃபின்ஸ்பரி நலவாழ்வு மையம், 1938இல் லண்டனில் திறந்த நவீனக் கட்டடம். அது ஓர் இடிந்த, கறுத்துப்போன பழைய வீட்டுச் சுவரை மறைத்து நிற்கிறது. அந்த இடிபாட்டுக்குள் ஒரு சிறுவன், சத்துக்குறைவால் கால் வளைந்தவன். இதே வாசகத்துக்கு ஃபிராங்க் நியூபோல்டு பசும்புல் குன்றும் ஆட்டு இடையனுமாக வரைந்து கொடுத்தபோது எந்தச் சிக்கலும் வரவில்லை. கேம்ஸ் வரைந்தது சர்ச்சிலுக்குப் பொறுக்கவில்லை. நாட்டையே அவதூறு செய்கிறது என்று அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

1945 ஜூலைத் தேர்தலில் சர்ச்சிலின் கட்சி தோற்றது. 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் திட்டம் தொடங்கியது. கேம்ஸின் அந்தச் சுவரொட்டியை லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.