வகுப்பறைக்குள் நோயாளி வரவேண்டும்

அவையோர்க்கு வணக்கம். மருத்துவர்களும் தாதியரும் மருந்தாளர்களும் வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் இணையவழிக் கல்வியில் கருவிக்குப் பஞ்சமில்லை, நோயாளியைத்தான் காணோம்.

சிங்கப்பூரில் தொடர் மருத்துவக் கல்வி 2003இல் கட்டாயமானது. பயிற்சிகளில் கலந்துகொண்டு பெறும் புள்ளிகள் சேராவிட்டால் மருத்துவராகத் தொழில்புரியும் சான்றிதழைப் புதுப்பிப்பது சிக்கல். அதே ஆண்டு சார்ஸ் தொற்றுநோய் வந்து 238 பேரைப் பீடித்தது. 33 பேர் மாண்டனர். டான் டோக் செங் மருத்துவமனையில் அன்று பணியாற்றியவர்கள், முந்தைய நாள் பார்த்த நோயாளியிடமிருந்துதான் மறுநாளுக்கான பாடத்தைக் கற்றார்கள்.

இன்று எப்படிக் கற்கிறோம்? இரவு ஒன்பதரை மணி. மருந்தகக் கதவை இறக்கியாயிற்று. ஒரு கையில் பொட்டலச் சோறு, எதிரே ஒரு மணி நேரக் காணொளி. முடிவில் ஐந்து கேள்விகள். தவறினால் மறுபடி அழுத்தலாம். புள்ளி ஏறிவிடும். நீரிழிவுப் பாதத்தைப் பற்றி நான் அப்படித்தான் படித்தேன். மறுவாரமே ஓர் அம்மா கால்விரலில் சிறு புண்ணோடு வந்தார். காணொளியில் பார்த்தவை எல்லாம் வெளிர்நிறப் பாதங்கள். இவருடைய கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியவில்லை. லேசான ஊதா படிந்திருந்தது, அவ்வளவே. வெறும் நிறமாற்றம் என்று நினைத்துவிட்டேன். உடனிருந்த தாதிதான் புறங்கையை வைத்துப் பார்த்து, “டாக்டர், இந்த இடம் சுடுகிறது” என்றார். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டோம். அம்மாவுக்குத் தொட்டதே தெரியவில்லை. அந்தப் பாடம் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அதே 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் ஒரு வழி கண்டார். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கிராமத்து மருத்துவர்களையும் சிறை மருத்துவர்களையும் அவர் காணொளிவழி ஒன்றுகூட்டினார். ஒவ்வொருவரும் தம் நோயாளியைப் பற்றிப் பெயர் சொல்லாமல் விவரிக்க, எல்லாரும் கலந்து பேசுவார்கள். சிகிச்சையை அந்தந்த மருத்துவரே தொடர்வார். 407 நோயாளிகளை ஆராய்ந்த முடிவு 2011இல் வெளிவந்தது. அரோராவின் பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானோர் 57.5 விழுக்காடு, கிராமங்களிலும் சிறைகளிலும் 58.2 விழுக்காடு. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அவர்கள் பயன்படுத்தியது நம் எல்லாரிடமும் இருக்கிற திரையும் ஒலிவாங்கியும்தானே!

இந்தத் தீவில் தூரம் ஒரு தடையே இல்லை, நேரம்தான் தடை. வாரம் ஒருமுறை, மதிய இடைவேளையில், நாற்பது நிமிடம் நாமும் இப்படிக் காணொளிவழி கூடினால் போதும். தாதியும் மருந்தாளரும் அதில் சமமாகப் பேசவேண்டும். நோயாளியின் சம்மதம் பெற்ற, அடையாளம் நீக்கிய படங்கள் மட்டுமே வரவேண்டும். அவை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றக் கூடாது. மூன்று வாரம் கழித்து அதே நோயாளியைப் பற்றி ஒரு கேள்வி நம் கைப்பேசிக்கு வரட்டும். விட்டுவிட்டுக் கேட்கும் கேள்விதான் நினைவில் பதியும்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு நோயாளியின் கதையோடு வாருங்கள். பெயர் வேண்டாம். நீங்கள் எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்குவோம். நன்றி.