பருப்பு வேகாத தண்ணீர்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "ஐயா, பசுமைப் பொருளாதாரம் என்றால் சோலார் தகடு வைப்பதும் மரக்கன்று நடுவதும்தானா?" மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த 'தானா'வில் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

சோலார் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், என் கிணற்றுக் கணக்கை மறுபடியும் சொல்லப்போகிறேன். வீட்டுக் கிணற்றில் வாளி விட்டு இறைத்துக் குடித்தால் நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் ஒரு பைசா ஏறாது. அது வற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டார் வாங்கி, அதுவும் வற்றி, லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்தால் ஒவ்வொரு படியிலும் கணக்கு ஏறும். அதற்குப் பெயர் வளர்ச்சி!

எங்கள் சித்தூர் வட்டத்தையே பாருங்கள். ஆந்திராச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். 2000-இல் பிளாச்சிமடாவில் ஒரு குளிர்பான ஆலை வந்தது. சீக்கிரமே பக்கத்து ஆதிவாசிக் குடியிருப்புகளில் கிணற்று நீர் கெட்டது. மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண்ணும் மற்றவர்களும் 2002 ஏப்ரலில் ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அப்போது அங்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மணி நேரமாகத் துவரம்பருப்பு கொதிக்கிறது. அந்த அம்மாள் ஒரு பருப்பைக் கரண்டியால் நசுக்கிக் காட்டினார். நசுங்கவில்லை, வழுக்கி ஓடியது. வேறு தண்ணீருக்குக் குடத்தோடு நடக்க வேண்டும், அன்றைய கூலி போய்விடும்.

எரிந்த விறகும் போன கூலியும் ஆலையின் எந்தப் பேரேட்டில் இருந்தன? 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழுதான் 2010-இல் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று எழுதி வைத்தது. அதில் கூலி இழப்பு வகைக்கே 20 கோடி. அடுத்த ஆண்டு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

தேனீ தேனை எடுக்கும்போதே பூ காய்க்கவும் வழி செய்கிறது என்று காந்தியப் பொருளாதார அறிஞரான நம் ஜே.சி. குமரப்பா உதாரணம் காட்டுவார். எடுப்பது தப்பில்லை, எடுத்ததற்கு யார் பேரில் பற்று எழுதுகிறோம் என்பதைத்தான் அந்தத் தங்கை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். என் வீட்டிலும் ஆழ்துளைக் கிணறுதான், மறைக்கவில்லை.

தங்கை, ஒரு வேலை செய்யுங்கள். பாட்டி காலத்தில் சித்திரை மாதம் உங்கள் கிணற்றுக்கு எத்தனை முழம் கயிறு வேண்டியிருந்தது என்று வீட்டில் விசாரித்து எழுதுங்கள்.