மசாஜ் அறையை விடுங்கள், தோட்டத்துக்கு வாங்க

வணக்கம் மக்களே! தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து, எண்ணூர், அத்திப்பட்டு எல்லாம் தாண்டி மீஞ்சூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்திருக்கிறேன். என் பின்னால் தெரிவது ஒரு வெல்னஸ் ரிட்ரீட். பேர் சொல்லப்போவதில்லை. இது விளம்பர வீடியோ இல்லை, என் காசில்தான் வந்தேன். ஸ்பா என்றாலே சென்னைக்குத் தெற்கே போகிற ஈசிஆர் கடற்கரைச் சாலைதான் என்று நினைக்கிற ஊர் இது. "நம்ம வடசென்னைப் பக்கம் ஸ்பாவா?" என்று அம்மாவே சிரித்தார்.

எண்ணெய் மசாஜ், நீராவிக் குளியல் எல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை நான் காட்டப்போவதில்லை. இவர்கள் வைத்திருக்கும் தோட்டம்தான் இன்றைய வீடியோ.

முதலில் வாசல். பெரிய புல்வெளி, கொரியன் புல். போட்டோவில் பச்சைப்பசேலென்று இருந்தது. கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். ஒவ்வொரு புல்லின் நுனியும் பழுப்பாகக் கருகியிருக்கிறது. பக்கத்தில் இட்லிப்பூச் செடி. இலை மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியவில்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

காரணம் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் பல வருடமாக நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். விவசாயத்துக்கும் எடுத்தார்கள், சென்னைக் குடிநீருக்கும் எடுத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, கடல் தண்ணீர் அடியில் உள்ளே புகுந்துவிட்டது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், காட்டுப்பள்ளியில், 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளைக்கு 10 கோடி லிட்டர். சென்னைக்கே அப்படித் தண்ணீர் தேவைப்படும்போது, போர்வெல்லில் உப்பு வரும் இடத்தில் புல்வெளி போடுவதை என்னவென்று சொல்வது? அதைச் சமாளிக்க லாரித் தண்ணீரும் வாங்கி ஊற்றுகிறார்கள். அந்தக் காசு நம் பில்லில்தான் சேரும்.

சரி, வாங்க, பின்பக்கம் போவோம். இங்கேதான் எனக்கு இந்த இடம் பிடித்துப்போனது.

புன்னை, பூவரசு, புங்கை, வேம்பு. வேலியோரம் முழுக்க நொச்சி. இவையெல்லாம் கொஞ்சம் உப்பையும் கடல்காற்றையும் தாங்குகிற மரம் செடிகள். தோட்டம் பார்க்கிற அண்ணன் பொன்னேரிப் பக்கத்துக்காரர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "உப்புத் தண்ணிய குடிச்சுட்டு வளர்றதத்தான் வைக்கணும்மா. இல்லன்னா லாரிக்காரனுக்குக் காசு அழணும்." முன்பக்கப் புல்வெளியைப் பற்றிக் கேட்டால், "அது ஓனர் ஆசை" என்று சிரிக்கிறார்.

இந்தப் புன்னை இலையைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்ல ஆசை, முடியாதே. தடிமனாக, தோல் மாதிரி இருக்கிறது. விரலால் துடைக்கிறேன்... இதோ, விரலில் சாம்பல் நிறத் தூசி. நம் பக்கத்துக் காற்று அப்படி. துடைத்த இடம் மட்டும் பளபளவென்று மின்னுகிறது. இலை மேலேயே இவ்வளவு படிந்திருக்கிறது என்றால் நம் மூக்குக்குள் எவ்வளவு போயிருக்கும்! தூசிக்குத் திரையாக ரோட்டுப் பக்கம் மரங்களை இரண்டு வரிசையாக நட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை.

அந்த மூலையில் மகிழ மரம். திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நம் கோயில் தல விருட்சம். சங்கிலி நாச்சியாருக்குச் சுந்தரர் "பிரியமாட்டேன்" என்று சத்தியம் செய்தது மகிழ மரத்தடியில்தான். அந்தச் சத்தியத்தை மீறிக் கண்ணை இழந்தது தனிக் கதை. காலையில் பூ உதிர்ந்து கிடக்கும், காய்ந்த பிறகும் வாசனை போகாது. இதை வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் பிளக் பாயின்ட்டில் சொருகுகிற சென்ட் மெஷின் எதற்கு?

நொச்சி அழகுக்கு மட்டும் இல்லை. நீராவிக் குளியலுக்கு இலை இந்த வேலியிலிருந்துதான் போகிறது. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அதே வேலியில் நடுவே அரளி. பூ அழகுதான், உப்பையும் தாங்கும். ஆனால் விஷம் என்று நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். இலை பறிக்கிற வேலியில் அதற்கு என்ன வேலை? அண்ணனிடம் சொன்னேன். "நான் பாத்துதான் பறிக்கிறேன்" என்றார். அவர் லீவு போட்டால் யார் பறிப்பார்கள்?

இப்போது இந்தக் கல்வாழைப் பாத்தி. யாரும் ரீல்ஸ் எடுக்காத இடம், எனக்கு இங்கே ரொம்பப் பிடித்தது இதுதான். மசாஜ் என்றால் தினமும் எண்ணெய்த் துண்டுகள் துவைக்கவேண்டும். அந்தத் தண்ணீரை நேராகச் செடிக்கு விட்டால் எண்ணெய் மண்ணில் படிந்து, அப்புறம் தண்ணீரே உள்ளே இறங்காது. அதனால் முதலில் ஒரு தொட்டியில் தேக்குகிறார்கள். எண்ணெய் மேலே மிதக்கும், அதை வழித்து எடுத்துவிடுகிறார்கள். மிச்சத் தண்ணீர் ஜல்லி போட்ட இந்தப் பாத்தி வழியாக மெதுவாக ஊர்ந்து போகிறது. கல்வாழை வேர் அழுக்கில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். கடைசியில் வருவது மரங்களுக்குப் போகிறது. நம் பாட்டி வீடுகளில் குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போனதே, அதே கணக்குதான். மழைநீர்க் குழியும் இருக்கிறது. 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். பல இடங்களில் மூடி மட்டும்தான் இருக்கும். இங்கே திறந்து காட்டச் சொன்னேன், தூர் வாரியிருக்கிறார்கள்.

கூழாங்கல் பாதை, எட்டு வடிவ நடை எல்லாம் உண்டு. மதியம் போகாதீர்கள், கால் வெந்துவிடும்.

உள்ளே அறைகள் எப்படி என்று கேட்பீர்கள். ஏசி, திரைச்சீலை, மூடிய ஜன்னல். இவ்வளவு மரத்தை வளர்த்துவிட்டு அதை மூடி வைப்பது எனக்குப் புரியவில்லை. 1984இல் ராஜர் உல்ரிச் என்கிற ஆய்வாளர் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். சிலருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, சிலருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. மொத்தம் 46 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் ஜன்னலைத் திறக்கச் செலவு ஒன்றும் இல்லையே. கடைசி அறையில் மட்டும் திரையை விலக்கினால் புன்னை தெரிகிறது. புக் செய்யும்போது அந்த அறையைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது வரலாம்? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். இது தாழ்வான பகுதி, கொசஸ்தலை ஆறு நிரம்பினால் பின்பக்கம் முழுக்கச் சேறாகிவிடும், தோட்டத்தை மூடிவிடுவார்கள் என்று அண்ணனே சொன்னார். பொங்கல் முடிந்து வந்தால் வெயிலும் சாந்தமாக இருக்கும். ஷேர் ஆட்டோ இங்கே உள்ளே வராது, மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவார்கள். திரும்பிப் போகும்போது அங்கேயே நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.