கப்பை நிரப்பி ஊத்தினா அவமரியாதை! அரபு வீட்டுக் காபி சொல்ற ரகசிய பாஷை

[திரையில்: ஒரு திர்ஹம் காசு, ரொம்பக் கிட்டத்தில்]

துபாய், அபுதாபியிலிருந்து யாராவது லீவுக்கு வந்திருந்தா, அவங்ககிட்ட ஒரு திர்ஹம் காசு கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்க. பறவை அலகு மாதிரி வளைஞ்ச மூக்கோட ஒரு கூஜா இருக்கும். அதுக்குப் பேர் தல்லா. ஒரு நாடே காசுல அடிக்கிற அளவுக்கு அந்தக் கூஜாவுக்குள்ள அப்படி என்ன இருக்கு?

கஹ்வா, அதாவது அரபுக் காபி இருக்கு. சவூதி, ஓமன், கத்தார், அமீரகம்னு எந்த வீட்டு மஜ்லிஸ்ல, அதாவது விருந்தாளிங்க உட்கார்ற கூடத்துல போய் உட்கார்ந்தாலும் பேரீச்சம்பழத்தோட முதல்ல வர்றது இதுதான். 2015-ல இந்த 4 நாடுகளும் சேர்ந்து கேட்டு, யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல இடம் வாங்கினாங்க.

வரலாறு ரெண்டே வரியில: 15ஆம் நூற்றாண்டுல யேமன் சூஃபிகள் ராத்திரி வழிபாட்டுல தூக்கம் வராம இருக்கக் காபி குடிச்சாங்க. மோக்கா துறைமுகம் வழியா அது உலகத்துக்குப் போச்சு. கஹ்வாங்கற பேர் ஊர் ஊரா உருமாறி, நம்ம வாயில காப்பி ஆச்சு.

இப்ப கப்புக்கு வருவோம். இந்த வீடியோவே இதுக்காகத்தான்.

[திரையில்: கைப்பிடி இல்லாத ஃபின்ஜான், கால்வாசி கஹ்வா]

நம்ம வீட்ல விருந்தாளிக்கு டம்ளர் விளிம்பு வரைக்கும் நுரை தளும்பக் கொடுத்தாத்தான் மனசு நிறையும். அங்க அப்படியே தலைகீழ். கால் கப், மிஞ்சினா மூணுல ஒரு பங்கு. நிரப்பிக் கொடுத்தா ‘குடிச்சிட்டுக் கிளம்பு’ன்னு அர்த்தம். காரணம் ரொம்ப எளிசு. ஃபின்ஜானுக்குக் கைப்பிடி கிடையாது, நிறைச்சா விரல் சுட்டுடும். கொஞ்சமா ஊத்தினா ஆறுறதுக்குள்ள குடிச்சிடலாம், அடுத்த வாயும் சூடா வரும். அதுக்காக ஊத்துறவர் உட்காராம பக்கத்துலயே நிப்பார். அந்த நிக்கறதுதாங்க மரியாதை!

அவர் இடது கையில தல்லா, வலது கையில கப். நீங்களும் வலது கையாலதான் வாங்கணும். குடிச்சதும் கப்பைச் சும்மா நீட்டினீங்கன்னா திரும்ப ஊத்துவார். மறுபடி நீட்டினா மறுபடியும் ஊத்துவார். போதும்னா வாயைத் திறக்கவே வேண்டாம். கப்பை விரல் நுனியில பிடிச்சு இடம் வலமா ரெண்டு ஆட்டு ஆட்டிக் கொடுங்க. புதுசா போறவங்க தவறுறது இங்கதான். தெரியாம ஆறு, ஏழு கப் குடிச்சிட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருப்பாங்க. ஒண்ணு கட்டாயம், மூணோட நிறுத்தறது அழகு.

பெதுயின்னு சொல்ற பாலைவன நாடோடிகளோட மரபுல ஒவ்வொரு கப்புக்கும் பேர் உண்டு. ஹைஃப்: விஷம் இல்லைன்னு காட்ட, வீட்டுக்காரர் முதல்ல தானே குடிக்கிறது. ளைஃப்: விருந்தாளிக்கு. கைஃப்: ரசிச்சுக் குடிக்க. சைஃப், அதாவது வாள்: ஆபத்துன்னா உங்க பக்கம் நிப்பேங்கற உறுதி. ஹைஃப், ளைஃப், கைஃப், சைஃப்! நாலும் ஒரே ஓசையில முடியுது. எதுகை, மோனையில வளர்ந்த நம்ம காதுக்கு இது தேன்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். வந்தவர் கப்பை வாங்கி, குடிக்காம முன்னாடி வச்சுட்டார்னா அவருக்கு ஏதோ கோரிக்கை இருக்கு. பொண்ணு கேட்டு வந்திருக்கலாம், சண்டையைச் சமரசம் பண்ண வந்திருக்கலாம். ஜோர்டான்ல பொண்ணு கேட்டுப் போற பெரியவங்க இப்பவும் இப்படித்தான் செய்வாங்க. ‘சரி, குடிங்க’ன்னு பதில் வந்த பிறகுதான் கப் உதட்டுக்குப் போகும்.

[திரையில்: வெளிர் வறுவல் கொட்டை, பச்சை ஏலக்காய்]

வீட்ல போட ஆசையா? 1 லிட்டர் தண்ணி கொதிக்கட்டும். வெளிர் பொன்னிறத்துக்கு மட்டும் வறுத்து, ரவை பதத்துக்கு உடைச்ச காபி 3 டேபிள்ஸ்பூன் போட்டு, சின்னத் தீயில 10லேருந்து 15 நிமிஷம். அடுப்பை அணைச்சு, மண்டி அடியில தங்கட்டும். தெளிவை மட்டும் இறுத்து, இடிச்ச ஏலக்காய் 2 டேபிள்ஸ்பூன் போட்டு இன்னும் 5 நிமிஷம். ஒரு சிட்டிகை குங்குமப்பூ போட்ட கூஜாவுல வடிகட்டி ஊத்துங்க. பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். இனிப்புக்குப் பேரீச்சம்பழம் ஒரு கடி, கஹ்வா ஒரு வாய்.

ஃபில்டர் காபித் தூளைப் போட்டா கெட்டுச்சு! கருப்பா வறுத்த தூள் கசக்கும், நைசா அரைச்சது லேசுல படியாது. ஏலக்காயை முதல்லயே போட்டுக் கொதிக்க விட்டா வாசனை ஆவியாப் போயிடும். பழைய காலத்துல தல்லா மூக்குல பேரீச்ச நாரைச் சுருட்டி அடைச்சு வடிகட்டினாங்க, இப்ப நிறைய வீட்ல தெர்மாஸ் வந்துடுச்சு.

அந்த ஏலக்காய்க்கு அரபியில ஹேல்னு பேர். நம்ம ஏலத்தோட சொந்தம்தான். குவாத்தமாலா காய் அங்க நிறையப் போகுது, ஆனா இடுக்கி மலையில விளைஞ்சு போடிநாயக்கனூர்ல ஏலம் போற பச்சைக் காயும் வளைகுடாவுக்குப் போகுது. தேனி மாவட்டத்துக்காரங்க கமென்ட்ல கையைத் தூக்குங்க!

மத்த நாடுகள்ல வேற கதை. எகிப்துல கருப்பாக் கெட்டியா வரும், சர்க்கரை அளவைப் போடும்போதே சொல்லிடணும்: சாதான்னா சர்க்கரை இல்லாம, மஸ்பூத்னா அளவா, ஸியாதான்னா தூக்கலா. யேமன்ல கொட்டையோட தோலை இஞ்சி போட்டுக் கொதிக்க வச்ச கிஷ்ர். மொராக்கோவுல புதினா டீயை நம்ம டீ மாஸ்டர் மாதிரியே உயரத்துலேருந்து ஊத்துவாங்க.

[திரையில்: புகையும் மப்கரா]

கடைசியா, எப்பக் கிளம்பணும்? சாம்பிராணிக் கரண்டி மாதிரி மப்கராவுல அகில்கட்டை புகை வரும். கையால ரெண்டு தடவை துணிமேல வீசிக்கங்க, நன்றி சொல்லுங்க, எழுந்திருங்க. ‘ஊத் வந்த பிறகு குஊத் இல்லை’ம்பாங்க. ஊத்னா அகில், குஊத்னா உட்கார்றது.