கணக்கு நோட்டும் ஓலைப்பெட்டியும்

(சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசன விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்புக்குரிய சேகரகுருவானவர் அவர்களே, சபை ஊழியர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லாருக்கும் தோத்திரம்.

இலை போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குழம்பு வாசனை இப்போதே பந்தலுக்குள் வந்துவிட்டது. அசனக் குழம்போடு போட்டி போட்டு ஜெயித்த பிரசங்கியாரைத் திருநெல்வேலிச் சீமையில் நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் இரக்கம், கிருபை என்ற விஷயத்துக்கு நேரே வருகிறேன்.

எங்கள் தாத்தா பனையேறி. தேரிக்காட்டுப் பக்கம். பாளை விடும் காலத்துக்கு முன்பே கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வீட்டுக்கு அரிசி வாங்கிவிடுவார். பிறகு கருப்பட்டி போட்டுக் கழிக்க வேண்டும். ஒரு வருஷம் சீசன் தொடங்கிய வாரமே பனையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. வியாபாரி நோட்டும் கையுமாக வந்தார். வீட்டில் எல்லாருக்கும் நடுக்கம். அவர் கட்டிலருகே உட்கார்ந்து, தாத்தா பேர் இருந்த பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டுப் போனார்.

அது இரக்கம். தாத்தா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறு வருஷம் அந்த வியாபாரி வீட்டில் கல்யாணம். தாத்தாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, முதல் பந்தியில் தம் பக்கத்திலேயே உட்கார வைத்தார். இதுதான் தாத்தாவுக்குத் தாங்கவில்லை. “கடனத் தள்ளுனாரு, சரி. பக்கத்துல எதுக்கு உக்கார வைக்கணும்?” என்று ஆச்சியிடம் புலம்பியிருக்கிறார். மிச்சக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

வர வேண்டிய தண்டனை வராதது இரக்கம், தகுதியில்லாத நன்மை வருவது கிருபை என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம். தப்பில்லை. ஆனால் நம் வேதாகமத் தமிழ் அவ்வளவு நேராக வேலி போடவில்லை. குருடனான பர்திமேயு இயேசுவைப் பார்த்து “எனக்கு இரங்கும்” என்று கூப்பிடுகிறான். இயேசு சொன்ன உவமையில் வரி வசூலிக்கும் ஆயக்காரனோ மார்பில் அடித்துக்கொண்டு, “பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” என்கிறான். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்றே முடிகிறது. அங்கே எபிரெயத்தில் இருக்கும் சொல் ‘ஹெசெட்’. உடன்படிக்கை செய்தவர் கைவிடாமல் காட்டும் அன்பு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். எபேசியர் நிருபம் 2ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர், தேவன் “இரக்கத்தில் ஐசுவரியமுள்ளவர்” என்று தொடங்கி, அடுத்த வசனத்திலேயே கிருபைக்கு வந்துவிடுகிறார். அவருக்கு இரண்டும் ஒரே மூச்சு. நோட்டை அடித்த கைதான் பந்திக்கும் கூப்பிட்டது.

ரோமர் 4ஆம் அதிகாரம் நம் ஊர்க் கணக்குக்கே எழுதினாற்போல் இருக்கிறது. “கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்.” கூலி என்றால் கேட்டு வாங்கலாம். குறைந்தால் சண்டை போடலாம். ஈவு, அதாவது இலவசக் கொடை, அப்படியல்ல. அதனால்தான் இரக்கம் பிடித்திருக்கிற நமக்குக் கிருபை கொஞ்சம் உறுத்துகிறது. நம் பேரை எழுத அதில் இடமில்லை. பேர் எழுதாமல் நம்மால் இருக்க முடியுமா? கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் பாதி மறைகிற அளவுக்கு அன்பளிப்பு என்று பேர் எழுதுகிறோம்! (யாரும் மேலே பார்க்க வேண்டாம். நான் எந்த லைட்டையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.)

நம் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் அச்சில் வந்தது. பனியன் கதையில் யாத்திரைக்காரன் முதுகில் ஒரு சுமை. எவ்வளவோ தூரம் தூக்கிக்கொண்டு நடக்கிறான். சிலுவையருகே வந்ததும் அது கழன்று உருண்டு கல்லறைக்குள் போய்விடுகிறது. அவன் முடிச்சை அவிழ்க்கவில்லை, இறக்கி வைக்கவுமில்லை.

கிருஷ்ண பிள்ளையின் காதுக்கு இது முழுக்கப் புதிதாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரி இருக்கிற சீமை அல்லவா இது? கடவுளை நாம் பற்றிக்கொள்வதா, அவரே நம்மைத் தூக்கிக்கொள்வதா என்ற கேள்விக்கு, குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறைகளாக வாதாடியிருக்கிறார்கள். இரண்டு சமயமும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. சிலுவை இல்லாமல் பவுலுக்குக் கிருபையே இல்லை. ஆனால் அந்தப் பூனைக்குட்டியைத் தெரிந்தவனுக்கு “இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்ற வசனம் சட்டென்று விளங்கும்.

“அப்படியானால் நற்கிரியை வேண்டாமா?” என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். எபேசியரில் அடுத்த வசனங்களையும் வாசியுங்கள், தம்பி. நற்கிரியை செய்யத்தான் நம்மைச் சிருஷ்டித்தார் என்று அங்கேயே இருக்கிறது. இரட்சிப்புக்கு அது விலையல்ல. இரட்சிப்பு பெற்றவன் வீட்டில் அது தானாக நடக்கும். தாத்தா செய்ததும் அதுதான், அவருக்கே தெரியாமல்.

கல்யாணம் முடிந்த மறுநாள் தாத்தா நல்ல கருப்பட்டியாகப் பொறுக்கி ஒரு ஓலைப்பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி வியாபாரி வீட்டுக்குப் போனார். பந்தியில் உட்கார வைத்ததற்கு ஈடு கட்டிவிட வேண்டும் என்று வைராக்கியம். வியாபாரியின் வீட்டம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக் கொட்டிக்கொண்டார். வெறும் பெட்டியைத் திருப்பித் தருகிற பழக்கம் நம் பக்கம் ஏது? முறுக்கும் அதிரசமும் நிறைத்துக் கையில் கொடுத்து அனுப்பினார். தாத்தா வீட்டுக்கு வந்து பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு ஆச்சியிடம் சொன்னாராம்:

“இவுககிட்ட கணக்கு முடிக்கவே முடியாது போலருக்கே.”