கடைசி பஸ்ஸுக்கு முன்னால்

(மொரிசியஸ், மோக்காவில் தமிழ் மாணவர்களிடையே ஒரு பிற்பகலில் பேசியது. நடுநடுவே தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னவற்றை மட்டும் தமிழில் மாற்றி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘படிப்பு, கலை, கல்லூரி வாழ்க்கை: சமநிலை காண்பது எப்படி?’ என்பது. அழைக்க வந்த தங்கையிடம் அன்றைக்கே சொன்னேன்: “அம்மா, இரண்டாம் ஆண்டில் தராசோடு சேர்ந்து கவிழ்ந்தவன் நான். என்னிடம் போய் இதைக் கேட்கிறாயே?” அவர் சிரித்துக்கொண்டே, “அதையே சொல்லுங்கள் ஐயா” என்றார். சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் படித்தது பக்கத்தில் ரெதுவியில், மொரிசியஸ் பல்கலைக்கழகத்தில், நிர்வாகவியல். வீடு கார்த்தியே மிலித்தேர். காலையில் போர்ட் லூயி போகிற பஸ்ஸைப் பிடித்து, வழியில் மோக்காவில் இறங்கி, மீதியை நடக்க வேண்டும். அந்த ஆண்டு ஒரு தமிழ் நாடகத்தில் எனக்கு வேடம் கிடைத்தது. மே மாதம் தேர்வு, அதே மாதத்தில் நாடகம். கணக்குப் பதிவியல் தேர்வுக்கு முந்தின இரவு ஒத்திகை முடிந்து வீடு சேரும்போது மணி பதினொன்றரை. அப்புறம் இரண்டு மணி வரை படித்தேன். காலையில் பஸ் ஏறினேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன், கண்ணை மூடினேன். திறந்தபோது எதிரே கடல் தெரிந்தது, துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. நடத்துநர் என் தோளைத் தட்டி, “இதற்கு மேல் பஸ் போகாது, தம்பி” என்றார். திரும்பி வந்து சேர்ந்தபோது தேர்வு நடக்கும் அறைக்கதவு சாத்தியிருந்தது.

“நாடகம் உன் வருஷத்தைத் தின்றுவிட்டது” என்றார் அப்பா. நானும் சில மாதங்கள் அப்படித்தான் நம்பினேன். பிறகு ஒருநாள், தவறவிட்ட அதே கணக்குப் பதிவியலை மறுபடி படிக்கும்போது, விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்: 120 மணி நேரம். நாடகத்தில் நான் வரும் காட்சிகள் மூன்றே மூன்று, மொத்தம் 14 நிமிடம். அதற்காக உண்மையில் உழைத்தது முப்பது மணி நேரம்கூட இராது. மிச்சம் தொண்ணூறு மணி நேரம் கதாநாயகனுக்காகக் காத்திருந்தேன். ஏழு மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்கு வருவார், பாவம், நல்ல நடிகர். காத்திருந்த நேரத்தில் அவர் வசனம் எனக்கு முழுதாக மனப்பாடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் சொல்லுவேன்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்தில் நான் நடத்திய எந்த ஒத்திகைக்கும் எல்லாரையும் ஒன்றாக வரச் சொன்னதில்லை. இன்றைக்கு இரண்டாம் காட்சி என்றால் அந்தக் காட்சிக்கு வேண்டியவர்கள் மட்டும் வரலாம். ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும். வராதவருக்குப் பதிலாக ஒரு நாற்காலி நடிக்கும். நாற்காலியோடு இரண்டு தடவை நடித்துப் பார்த்தால், மூன்றாம் முறை வராமல் இருக்க யாருக்கும் மனம் வராது.

உங்கள் அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் நினைக்கிற அளவுக்கு அது கனமில்லை. கனமெல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது. இங்கே பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வந்து போகிறவர்கள். நம் தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர்தான், ஆனால் தெற்கே சுய்யாக்கிலிருந்தோ வடக்கே கிராண்ட் பேயிலிருந்தோ வருகிறவரிடம் கேட்டால் தெரியும், பஸ்ஸில் அது எவ்வளவு பெரிய நாடு என்று. இப்போது மெட்ரோ ரெதுவி வரை வந்துவிட்டது, அந்தப் பாதையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. 2005-லிருந்து மாணவருக்குப் பஸ் இலவசம். 2019-லிருந்து அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணமும் இல்லை. எங்கள் அப்பாக்கள் கேட்டால் வாய் பிளப்பார்கள். ஆனால் மாலை ஆனதும் கிராமத்துப் பஸ்கள் குறையத் தொடங்கும், நான்கு மணிக்கே வளாகம் காலியாகும். வெளிநாட்டுப் படங்களில் காட்டுகிற விடுதி வாழ்க்கை, நள்ளிரவு அரட்டை எதுவும் நமக்கில்லை. நம் கல்லூரி வாழ்க்கை கடைசி வகுப்புக்கும் கடைசி பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரம் எதற்கு என்பதுதான் கேள்வி. வீட்டில் கேட்டால் ‘படிக்கத்தான்’ என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் இருக்கும்போதே காலையில் பள்ளி, மாலையில் லெசோன் என்கிற தனிப்பயிற்சி, சனிக்கிழமையும் லெசோன் என்று உங்களை ஓட்டியவர்கள். மேல்நிலைத் தேர்வில் தீவிலேயே முதல் வரிசையில் வந்து அரசு உதவித்தொகை வாங்குகிற ‘லொரெயா’ பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வரும் நாளில், எந்த வீட்டிலும் சாப்பாடு ருசிப்பதில்லை. அப்புறம் இன்னொன்று: 1965-இல் நம் பல்கலைக்கழகத்தை நிறுவியபோது அதில் இருந்த துறைகள் மூன்று: வேளாண்மை, நிர்வாகம், தொழில்நுட்பம். கரும்பு, அலுவலகம், இயந்திரம். விடுதலைக்கு முன்பிருந்த ஏழை நாடு, அப்படித்தான் தொடங்க முடியும். மேல்படிப்பென்றால் வேலைக்கு ஒரு சீட்டு என்ற நினைப்பு நம் பெற்றோருக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. கரும்பு வெட்டியவரின் பேரன் வேறு எப்படி நினைப்பான்?

ஆனால் நீங்கள் தமிழ் படிக்கிறீர்கள். அதனால் உங்கள் நிலைமை கணக்கியல் மாணவருடைய நிலைமை இல்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்தத் தீவில் தமிழ் நமக்குத் தேர்வு வழியாக வருகிறது. தொடக்கப்பள்ளியில் விருப்பப் பாடமாக எடுக்கிறோம், திருக்குறள் ஒப்பிக்கிறோம், கட்டுரை எழுதுகிறோம், மதிப்பெண் வாங்குகிறோம். வீட்டுக்குப் போனால் கிரியோல். காதலிப்பது கிரியோலில், சண்டை கிரியோலில், கனவும் கிரியோலில். தமிழ் முழுக்கப் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் நின்று கேளுங்கள். கொத்தமல்லிக்கு ‘கொத்தோமிலி’, கறிவேப்பிலைக்கு ‘காரிபூலே’, பீர்க்கங்காய்க்கு ‘பிபங்காய்’, முருங்கைக்கீரைக்கு ‘பிரேத் முரூம்’. விற்கிறவர் தமிழரில்லை, வாங்குகிறவரும் தமிழரில்லை. கையிலிருந்து முட்டை விழுந்தால் சீனரும் ‘அய்யோ’ என்கிறார். ஆக, சமையலறைத் தமிழ் ஊருக்கெல்லாம் போயிருக்கிறது, தேர்வுத் தமிழ் உங்களிடம் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய தமிழ், கோபப்படவும் கெஞ்சவும் கேலி செய்யவும் வேண்டிய தமிழ், அதுதான் எங்கோ கப்பலிலிருந்து இறங்காமல் நின்றுவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் மாணவர்கள் சிலர் நாடகம் போட வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். அமைச்சகம் மொழிவாரியாக நடத்துகிற நாடக விழா உங்களுக்குத் தெரியும், தமிழுக்கும் உண்டு. கதை எளியது: தம்பி வீட்டுப் பணத்தை ஷான் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத்தில் தொலைத்துவிட்டு வருகிறான், அக்கா திட்டுகிறாள். அக்கா வேடம் போட்ட பெண் பள்ளியிலிருந்தே தமிழில் முதல் ஆள். முதல் ஒத்திகையில் நிமிர்ந்து நின்று, “தம்பி! நீ ஏன் இவ்வாறு நடந்துகொண்டாய்? இது முறையன்று” என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் சிரித்திருக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்குத் தமிழில் திட்டத் தெரியாது ஐயா. அம்மா கிரியோலில்தான் திட்டுவார்கள்” என்றார்.

பதினைந்து வருஷம் தமிழ் படித்த பெண்ணுக்குத் திட்டத் தெரியவில்லை என்றால் தப்பு அவர் மேல் இல்லை. எந்த வினாத்தாளிலும் அந்தக் கேள்வி வந்ததில்லை.

அந்த வாரம் ஒத்திகையை நிறுத்திவிட்டோம். ஆளுக்கு இரண்டு வசவு தேடிக்கொண்டு வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். கோவிலில் அபிஷேகத்துக்கு வரும் பாட்டிகளிடம் போனார்கள். “தமிழில் ஆசி சொல்லுங்கள்” என்று கேட்டுப் பழகிய பாட்டிகள், “திட்டுங்கள்” என்றதும் வெட்கப்பட்டார்கள். கடைசியில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, தன் அம்மா தன்னைத் திட்டியதை நினைவுபடுத்திச் சொன்னார்: ‘உருப்படமாட்டே’, ‘கட்டையிலே போறவனே’. சொல்லிவிட்டு, அம்மா நினைப்பில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். மேடையில் அந்தப் பெண் தம்பியின் சட்டையைப் பிடித்து, “கட்டையிலே போறவனே, அது அம்மா வியர்வைக் காசுடா!” என்றபோது அரங்கம் அப்படியே அமைதியாகிவிட்டது. பாதிப் பேருக்கு அர்த்தம் புரிந்திருக்காது. ஆனாலும் புரிந்தது.

அடுத்தது இதைவிட நன்றாக இருக்கும். சில வாரம் கழித்து இலக்கண வகுப்பில் வினையாலணையும் பெயர். நன்னூல் சூத்திரத்தைச் சொல்லி, எடுத்துக்காட்டுக் கேட்டிருக்கிறார் ஆசிரியர். வகுப்பு வழக்கம்போல ‘வந்தவன், நின்றவன்’ என்று முனகியது. இந்தப் பெண் கையைத் தூக்கி, “கட்டையில் போகிறவன்” என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், “ஏகாரம் சேர்ந்தால் விளி வேற்றுமை!” என்று கத்தினார். ஆசிரியரே இதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பாடத்தை அந்த வகுப்பு இனி மறக்குமா?

ஆகவே, ஒரு தட்டில் படிப்பும் மறு தட்டில் கலையும் வைத்து நிறுக்கிற வேலை உங்களுக்கு வேண்டாம். நீங்கள் படிப்பதை வாய் திறந்து சோதித்துப் பார்க்க இந்தத் தீவில் கிடைக்கிற இடம் மேடை ஒன்றுதான். தமிழ்நாட்டு மாணவனுக்குத் தெருவே போதும். உங்களுக்கு அந்தத் தெரு இல்லை.

தொழிலும் கலையும் ஒன்றாகப் போகுமா என்று சந்தேகப்படுகிறவர்கள், தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற சங்கப் புலவர் பெயர்களைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: துணி வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்: தானிய வியாபாரி. உறையூர் மருத்துவன் தாமோதரனார்: வைத்தியர். தங்கால் பொற்கொல்லனார்: தட்டான். கடை சாத்திவிட்டு வந்து எழுதினார்களோ, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் எழுதினார்களோ! தொழிலைப் பெயரிலிருந்து யாரும் கழற்றி எறியவில்லை. நம் மண்ணிலும் ஆள் இருக்கிறார். வாக்வாவில் பிறந்த எழுத்தாளரும் ஓவியருமான மல்கோம் தெ ஷசால் அமெரிக்காவில் லூயிசியானாவுக்குப் போய்ச் சர்க்கரைத் தொழில்நுட்பம் படித்தவர். திரும்பி வந்து அரசாங்கத்தின் தொலைபேசித் துறையில் உத்தியோகம். அந்த மேசையில் இருந்துகொண்டே பிரெஞ்சில் அவர் எழுதியதைப் பார்த்துப் பாரிசில் சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் வியந்தார். தூரிகையைப் பிற்பாடுதான் எடுத்தார். எனக்கு அவருடைய ஓவியம்தான் பிடிக்கும், எழுத்து பாதி புரிவதில்லை. அது என் பிரெஞ்சின் குறையாகவும் இருக்கலாம்.

சரி, எல்லாவற்றையும் செய்யச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. ஒன்றை எடுங்கள். நாடகமா, பாட்டா, பரதமா, எழுத்தா, ஒன்று. நான் பார்த்தவரை படிப்பைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் கலையில் மூழ்கியவர்கள் இல்லை. ஐந்து சங்கத்தில் உறுப்பினர், மூன்றில் பொருளாளர், எல்லாக் கூட்டத்திலும் மாலை வாங்கிக்கொடுக்க ஓடுகிறவர், அவர்தான். கூட்டம் நடத்துவதைக் கலை என்று நம்பிவிடாதீர்கள். இந்தக் கூட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

தைப்பூசம் எல்லார் வீட்டிலும் வரும். பத்து நாள் விரதம், காவடி கட்டுவது, பூவும் எலுமிச்சையும் தேடுவது, கோர் தெ கார்த் மலைக்கோவில் வரை நடப்பது. அது இரண்டாம் பருவத் தொடக்கத்தில் வருகிறது என்று ஜூலையிலேயே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஆண்டுதோறும் அந்த வாரம் எழுதிக் கொடுக்க வேண்டிய பாட ஒப்படைப்பு யாரோ புதிதாகக் கண்டுபிடித்த அநியாயம் போலப் பேசுகிறோம். எபேனில் கால் சென்டரில் மாலைநேரம் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தந்தாலே போதும், அதற்கேற்ற சின்ன வேடம் எழுதலாம். வீட்டில் ‘தேர்வு முடியட்டும்’ என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, நாடகம் நடக்கிற நாளில் அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அப்பாவைச் சமாதானப்படுத்த வேறு வழி நான் கண்டதில்லை.

ஒரு யோசனை சொல்லிவிட்டு முடிக்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த மகாத்மா காந்தி நிறுவனத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளர்களின் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. 1834 முதல் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய லட்சக்கணக்கானோரின் பதிவேடுகள். பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், உடம்பில் இருக்கும் தழும்பு. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால், முத்துசாமி ‘மூத்தூசாமி’ ஆனார், வீரப்பன் ‘வீராப்பேன்’ ஆனார். அந்தப் பெயரைத்தான் இன்றைக்கும் உங்களில் சிலர் அடையாள அட்டையில் வைத்திருக்கிறீர்கள். மேசைக்கு இந்தப் பக்கம் எழுத்தர், அந்தப் பக்கம் தன் பெயரை மூன்றாம் முறையாகச் சொல்லிப் பார்க்கிற வீரப்பன். இரண்டே நடிகர், ஒரு மேசை, பதினைந்து நிமிடம். ஆராய்ச்சி செய்தால் அதுவே ஒப்படைப்பு, மேடையேற்றினால் நாடகம். வசனம் எழுத யாராவது முன்வந்தால் வியாழக்கிழமை ஐந்து மணிக்கு நான் இங்கே இருப்பேன். ஆறரைக்குக் கிளம்பிவிடுவேன்.

மணி நான்கே முக்கால் ஆகிறது. சுய்யாக் பக்கம் போகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பஸ்ஸில் தூங்குவதானால் பக்கத்தில் இருப்பவரிடம் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.