சுங்கம் கட்டாமல் ஓடிய மின்கார்

(திரையில்: நார்வே வரைபடம், 1989)

மின்வாகனத்துக்குக் குரல் கொடுப்பவர் என்றதும், மேடையேறிப் புகையைத் திட்டுகிற ஒருவர்தான் நம் நினைவுக்கு வருவார். நார்வேயின் ஃபிரெடெரிக் ஹௌகே பிடித்த வழி வேறு. 1986-ல் பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 1989-ல் அவரும் 'ஆ-ஹா' இசைக்குழுவினரும், மின்மோட்டார் பொருத்தி மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவை நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சுங்கச்சாவடிகளில் காசு கட்டாமலே அதை ஓட்டினார்கள். அபராதம் வந்தது, அதையும் கட்டவில்லை. வண்டி பறிமுதலாகி ஏலத்துக்குப் போனது. அந்த ஏலத்துக்கு இவர்களே போய் மலிவாகத் திரும்ப வாங்கினார்கள்! மறுபடியும் அதே கதை. பாடகர்கள் போகிற இடத்துக்குக் கேமராவும் வரும் அல்லவா, செய்தி நாடெங்கும் பரவியது.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், காரைப் புகழச் சொல்லி அவர்கள் யாரையும் கேட்கவில்லை. குறிப்பிட்ட ஒரு கட்டணத்திலிருந்து விலக்குக் கேட்டார்கள்.

(திரையில்: 1990, 1997, 2001, 2005)

மின்கார்களுக்கு 1990-ல் இறக்குமதி வரியில் விலக்கு. 1997-ல் சாலைச் சுங்கக் கட்டணம் போனது. 2001-ல் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் போனது. 2005-ல் பேருந்துகளுக்கென ஒதுக்கிய தடத்திலும் அனுமதி.

சரி, விலக்குக் கொடுத்தால் எந்த நாட்டிலும் இது நடந்துவிடுமா? நடக்காது. நார்வேயில் பெட்ரோல், டீசல் கார்கள் மீது பதிவு வரி மிகக் கடுமை. அதனால்தான் வரியில்லாத மின்கார் விலையில் போட்டி போட முடிந்தது. முதலில் வரியே குறைவு என்றால் விலக்கில் என்ன மிச்சமாகும்? நார்வேயைக் காப்பியடிக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

இத்தனை சலுகை இருந்தும் பல ஆண்டுகள் விற்பனை சொற்பம்தான். வாங்குவதற்கு நல்ல வண்டி வர வேண்டுமே! 2011 வாக்கில் நிசான் லீஃப் போன்றவை வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் மின்கார்கள்.

இப்போது சங்கடம் எதிர்ப்பக்கம். வரி வருமானம் குறைந்ததால், 2023-ல் 5 லட்சம் குரோனருக்கு (நார்வே நாணயம்) மேல் போகும் விலைப்பகுதிக்கு மதிப்புக்கூட்டு வரி திரும்ப வந்தது. 1995-ல் தொடங்கிய மின்கார் சங்கம், சலுகைகளை ஒரேயடியாகப் பறிக்காதீர்கள் என்று அரசிடம் வாதாடி வருகிறது. பேருந்துத் தடமும் நெரிசலாகிவிட்டது. தலைநகர் ஆஸ்லோ பக்கம் சில சாலைகளில், நெரிசல் நேரத்தில் ஓட்டுநருடன் இன்னொருவரையாவது ஏற்றிக்கொண்டு வந்தால்தான் மின்காருக்கு அந்தத் தடத்தில் இடம் என்று விதி வந்தது.